கிண்டியா, திருச்சியா? சிஇஜி, என்ஐடி இரண்டிலும் வாய்ப்புள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூவில் நல்ல கட்-ஆஃப், தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினிலும் சொல்லிக்கொள்ளும்படி ரேங்க். ஒரு பக்கம் மாநிலப் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ கலந்தாய்வில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி (சிஇஜி), மறுபக்கம் ஐஐடி, என்ஐடி-களுக்கான தேசிய அளவிலான ஜோசா கலந்தாய்வில் திருச்சி என்ஐடி (தேசியத் தொழில்நுட்பக் கழகம்). ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் பல வீடுகளில் நடக்கும் விவாதம் இது. அப்போது எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

இரண்டில் எது பெரியது?

இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்காதீர்கள். கிண்டி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமானது. திருச்சியை அடுத்த துவாக்குடியில் இருப்பது 1964இல் ஆர்இசி-யாக (மண்டலப் பொறியியல் கல்லூரி) பிறந்து 2003இல் என்ஐடி ஆனது. ஒன்று மாநில அரசின் பல்கலைக்கழகம், மற்றது நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். தமிழ்நாட்டு நிறுவனங்களின் மனிதவளத் துறைக்கு இரண்டு பெயரும் தெரியும். வட இந்தியாவில் என்ஐடி என்ற மூன்றெழுத்துக்கு விளக்கம் தேவைப்படாது, சிஇஜி-க்கு ஒரு வாக்கியம் தேவைப்படலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலை நீட்டுபவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 2024 பொறியியல் பட்டியலில் திருச்சி என்ஐடி 9ஆம் இடம். அதே பட்டியலில் தரவரிசை பெறுவது அண்ணா பல்கலைக்கழகம் முழுவதும். கிண்டி வளாகம் தனியாக அல்ல. இரண்டு எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில் பிரிவு, பிறகு வளாகம். இரண்டிலும் ஒரே பிரிவு கிடைக்கிறதென்றால் பணம், விடுதி, ஊர், மொழி இவைதான் முடிவு செய்ய வேண்டும். வேறு வேறு பிரிவு கிடைக்கிறதென்றால் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பெயர் முதல் வேலைக்கான கதவைத் திறக்கும்; எட்டு செமஸ்டரும் உட்கார்ந்து படிக்கப்போவது பாடத்தைத்தான். பிடிக்காத பிரிவில் சேர்ந்தவருக்கு மூன்றாம் செமஸ்டரில் அரியர் விழ ஆரம்பிக்கும். ஊர் பிடிக்காதவர் பெரும்பாலும் முதல் தீபாவளி விடுமுறைக்குள் பழகிவிடுவார்.

இரண்டு இடத்திலும் இருக்கும் பிரிவுகளைத் தாண்டி ஒவ்வொன்றுக்கும் தனிச் சரக்கு உண்டு. இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல், உலோகவியல் வேண்டுமென்றால் திருச்சி. ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், சுரங்கம், அச்சுத் தொழில்நுட்பம், பயோமெடிக்கல் என்றால் கிண்டி. ஏரோநாட்டிக்கல் பிடித்தவர் இரண்டையும் விட்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி-யை (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) பார்க்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் என்று போட்ட எல்லாமே கிண்டிதானா?

இல்லை. கலந்தாய்வில் ஏமாறும் இடம் இது. டிஎன்இஏ பட்டியலில் கல்லூரி எண் 1 கிண்டி சிஇஜி வளாகம், 2 ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 4 குரோம்பேட்டை எம்ஐடி. இவை பல்கலைக்கழகத் துறைகள். இவற்றுக்கு வெளியே உறுப்புக் கல்லூரிகளும் மண்டல வளாகங்களும் உண்டு. நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளும் அதே பல்கலைக்கழகப் பட்டத்தைத்தான் தருகின்றன. திருச்சியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் பிஐடி வளாகம் இருக்கிறது. அதற்கும் என்ஐடி-க்கும் தொடர்பில்லை. பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

இன்னொரு பொறி ‘எஸ்எஸ்’ என்ற சுயநிதிப் பிரிவு. அதே வளாகம்தான், கட்டணம் மட்டும் அதிகம். விருப்பப் பட்டியலில் சாதாரணப் பிரிவும் எஸ்எஸ் பிரிவும் தனித்தனி வரியாக வரும். சாதாரணத்தை மேலேயும் எஸ்எஸ்ஸைக் கீழேயும் வையுங்கள். அவசரத்தில் மாற்றிப் போட்டால் குறைந்த கட்டண இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு எஸ்எஸ்தான் ஒதுக்கப்படும்.

ஒரு பிரிவு எனக்கு ஒத்துவருமா என்று சேர்வதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு நிறுவனங்களும் பாடத்திட்டத்தை பிடிஎஃப்-ஆக இணையத்தில் வைத்திருக்கின்றன. முதல் செமஸ்டரை விட்டுவிடுங்கள். அது எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. மூன்று முதல் ஐந்தாம் செமஸ்டர் வரை உள்ள கட்டாயப் பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐஐடி ஆசிரியர்களின் காணொளி வகுப்புகள் உள்ள என்பிடெல் தளத்தில் முதல் இரண்டு வகுப்புகளைப் பாருங்கள். மொத்தம் ஐந்தாறு மணி நேர வேலை. புரிகிறதா என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அப்போது யாருக்கும் புரியாது. மூன்றாவது வகுப்பையும் திறக்கக் கை போகிறதா என்று கவனியுங்கள்.

இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்பு) எடுத்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்தத் தாளில் மின்காந்தவியல், சிக்னல்ஸ், அனலாக் சர்க்யூட் போன்றவற்றுக்கும் அவற்றின் ஆய்வகங்களுக்கும் எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடைப் புள்ளி) போகிறது என்று கூட்டிப் பாருங்கள். நிரலாக்கத்துக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று அப்போது தெரியும். ட்ரிபிள் இ-யில் (மின், மின்னணுவியல்) மின் இயந்திரங்கள், ஐசிஇ-யில் (இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல்) சென்சார்களும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சேர்ந்த பிறகு பிரிவு மாறிக்கொள்ளலாமா?

அதை நம்பிச் சேராதீர்கள். விதி இருந்தாலும் இடம் காலியாக வேண்டும், வகுப்பில் முதல் சிலரில் ஒருவராகவும் இருக்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கை எப்படி வேறுபடும்?

திருச்சி என்ஐடி நகருக்கு வெளியே, தஞ்சாவூர் சாலையில், ஜங்ஷனிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் துவாக்குடியில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் விடுதிவாசிகள். அகேட், ஜேட், ஓபல், சிர்கான் என்று விடுதிகளுக்கு ரத்தினக் கற்களின் பெயர்கள். வகுப்பு, மெஸ், கிளப், நண்பர்கள், சண்டை, சமாதானம் எல்லாம் ஒரே மதிலுக்குள். ஃபெஸ்டம்பர், பிரக்யான் போன்ற விழாக்கள் மாணவர்கள் கையிலேயே நடக்கின்றன; இரவு இரண்டு மணிவரை கூட்டம் போட ஆள் கிடைக்கும். கூட்டத்தோடு சேர்ந்து உழைப்பவருக்கு இது சொர்க்கம். தனிமை வேண்டுபவர், மெஸ் சாப்பாட்டில் நான்கு ஆண்டு ஓட்ட முடியாதவர், வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் வர நினைப்பவர் இதை யோசிக்க வேண்டும். திருச்சி வெயிலையும் கணக்கில் சேருங்கள்.

கிண்டி வளாகம் சர்தார் படேல் சாலையில், நகரின் நடுவில். பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸ், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். கிண்டி ரயில் நிலையமும் மெட்ரோவும் எட்டும் தூரம். ஒரு பகுதி மாணவர்கள் வீட்டிலிருந்து வருகிறார்கள், மாலை ஐந்து மணிக்குப் பிறகு வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். கருத்தரங்கு, இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை, இசைக் கச்சேரி, எதற்கும் வாசலைத் தாண்டினால் போதும். பதிலுக்குப் பயணம் நேரத்தைத் தின்னும். அம்பத்தூரிலிருந்தோ தாம்பரத்துக்கு அப்பாலிருந்தோ தினமும் வருபவர் போக்குவரத்துக்கு மட்டும் இரண்டரை, மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆய்வக ரெக்கார்டு எழுதும் நாட்களில் அது தெரியும். சென்னைக்குள் வீடு இருந்தால் விடுதி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், வெளியூர்க்காரர்களுக்கே முன்னுரிமை.

எங்கள் பார்வையில், இதுவரை வீட்டை விட்டு வெளியே தங்காத ஒருவருக்குத் திருச்சி கூடுதலாகக் கற்றுத் தரும். ஆனால் வீட்டில் உடல்நலமில்லாதவர்கள் இருந்து, வாரந்தோறும் வர வேண்டிய நிலை என்றால் அந்தப் பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

தமிழ் வழியில் படித்தேன். எங்கே சமாளிப்பது எளிது?

இரண்டு இடத்திலும் பாடம் ஆங்கிலத்தில்தான். கிண்டியில் வகுப்பில் பெரும்பாலோர் தமிழ் பேசுவார்கள்; சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் பக்கத்து பெஞ்சில் பதில் கிடைக்கும். திருச்சியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்கு, மீதி பிற மாநிலங்களுக்கு. அறைத்தோழர் விஜயவாடாவோ பாட்னாவோ ஆக இருக்கலாம். முதல் ஆறு மாதம் வாய் திறக்கத் தயக்கமாக இருக்கும்; அதன் பிறகு ஆங்கிலம் வேகமாக வரும் என்பதே பெரும்பாலானோர் விஷயத்தில் நடக்கிறது. தயக்கம் அதிகமாகிப் பின்வாங்கும் சுபாவம் என்று உங்களுக்கே தெரிந்தால், கிண்டியைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவுக் கணக்கு?

என்ஐடி-யில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுக்கு 5 லட்சம். விடுதி, மெஸ் தனி. ஆனால் இந்தத் தொகையை எல்லோரும் கட்டுவதில்லை. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்ற பிரிவினரில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் முழுத் தள்ளுபடி. 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அதாவது ஆண்டுக்குச் சுமார் 41,700 கட்டினால் போதும். 5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் முழுத் தொகை. ஆகவே வருமானச் சான்றிதழில் எழுதப்படும் எண் இங்கே 80,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் செய்கிறது. உண்மையான வருமானத்தை, நடப்பு ஆண்டுக்குரிய சான்றிதழாக, மே மாதமே வாங்கி வையுங்கள்.

குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பிசி, எம்பிசி மாணவர்கள் ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் சேர்ந்தால், தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. பலருக்கு இது தெரியாமலே போகிறது. சேர்ந்த பிறகு கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கிண்டியில் சாதாரணப் பிரிவுக் கட்டணம் என்ஐடி-யின் முழுத் தொகையைவிட மிகக் குறைவு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை டிஎன்இஏ ஒற்றைச் சாளரத்தில் மட்டுமே உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டில் கிண்டியில் பிடித்த பிரிவு கிடைக்கிறதென்றால் வேறு யோசனையே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

பிசி சாதிச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டுக்கும் அது போதுமா?

போதாது. டிஎன்இஏ-வுக்கு மாநில அரசின் நிரந்தர சாதிச் சான்றிதழ் போதும். அங்கே கிரீமி லேயர், அதாவது வசதியானவர்களை விலக்கும் வரம்பு, கிடையாது. ஜோசாவுக்கு மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி–என்சிஎல் (கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். போன ஆண்டு அக்காவுக்காக வாங்கியபோது கூடவே வாங்கி வைத்தது செல்லாது. மாநிலப் பட்டியலில் பிசி ஆக இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் மத்தியப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பகுதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரியான சான்றிதழ் இல்லையென்றால் உங்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஓபிசி ரேங்கை நம்பி வந்த இடம் கையைவிட்டுப் போகும்.

ஒதுக்கீட்டின் கணக்கும் வேறு. மாநிலத்தில் மொத்தம் 69 சதவீதம்: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. என்ஐடி-யில் ஓபிசி 27, எஸ்சி 15, எஸ்டி 7.5, இடபிள்யூஎஸ் (பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்) 10. பொது இடங்களைத் தவிர்த்துப் பார்த்தால், எம்பிசி மாணவர் டிஎன்இஏ-வில் ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தன் பட்டியலுக்குள் மட்டும் போட்டியிடுகிறார். ஜோசாவில் எல்லா ஓபிசி-யோடும் ஒரே வரிசையில் நிற்கிறார். அருந்ததியருக்கு என்ஐடி-யில் தனி ஒதுக்கீடு இல்லை. இடபிள்யூஎஸ் இதற்கு நேர் எதிர்: என்ஐடி-யில் உண்டு, டிஎன்இஏ-வில் இல்லை. ஆகவே ஒரே மாணவருக்கு ஓரிடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸும் மற்ற இடத்தில் சிவிலும் வருவதில் ஆச்சரியமில்லை.

பெண்களுக்கு என்ஐடி-யில் கூடுதல் இடங்கள் உண்டு. டிஎன்இஏ-வில் அப்படி இல்லை.

நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். திருச்சியில் உள்மாநில ஒதுக்கீடு தானாக வருமா?

வராது. பிறந்த ஊரை ஜோசா பார்ப்பதில்லை, பிளஸ் டூ எழுதிய மாநிலத்தைத்தான் பார்க்கும். கோச்சிங்குக்காக ஆந்திராவில் சேர்த்து அங்கேயே பிளஸ் டூ எழுத வைத்தால், திருச்சி என்ஐடி-யில் நீங்கள் வெளிமாநிலத்தவர். அங்கே போட்டி இன்னும் கடுமை. புதுச்சேரியில் எழுதியவருக்கு உள்ளூர் என்ஐடி காரைக்காலில் இருப்பது. வெளியே படித்துவிட்டு டிஎன்இஏ-வுக்கு வருபவர் நேட்டிவிட்டி சான்றிதழும் காட்ட வேண்டும். இதைப் பதினோராம் வகுப்பு சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும். ஜூலையில் யோசித்து ஆவதற்கில்லை.

இரண்டு கலந்தாய்வும் வெவ்வேறு தேதியில் வருகிறதே, எப்படிக் கையாள்வது?

அண்மை ஆண்டுகளில் ஜோசா ஜூனில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. டிஎன்இஏ பொதுக் கலந்தாய்வு ஜூலையில்தான் தொடங்குகிறது. அதாவது கிண்டி கிடைக்குமா என்று உறுதியாகத் தெரியும் முன்பே திருச்சி உங்களிடம் பணம் கேட்கும்.

ஜோசாவில் இடம் வந்ததும் மூன்று வழி. ஃப்ரீஸ்: இதுவே போதும். ஃப்ளோட்: இதை வைத்துக்கொள்கிறேன், பட்டியலில் மேலே உள்ள எது கிடைத்தாலும் மாற்று. ஸ்லைடு: இதே நிறுவனத்துக்குள் மேலான பிரிவு கிடைத்தால் மட்டும் மாற்று. மாறியதும் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ‘திருச்சி சிவில்’ கையில் வைத்துக்கொண்டு ஃப்ளோட் கொடுத்தவர், பட்டியலில் அதற்கு மேலே விளையாட்டாகப் போட்டிருந்த தொலைதூர என்ஐடி-யில் போய் விழுவது இப்படித்தான். போக விருப்பமில்லாத இடத்தைப் பட்டியலிலேயே போடாதீர்கள்.

இடத்தை ஏற்காமலோ, சான்றிதழ் சரிபார்ப்பில் எழும் வினவலுக்குப் பதில் சொல்லாமலோ விட்டால் ஜோசாவிலிருந்தே வெளியேற்றப்படுவீர்கள். எனவே பணத்தைக் கட்டி இடத்தைத் தக்கவைத்து, விலகலுக்கான கடைசி நாளை நாட்காட்டியில் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் விலகினால் சிறு பிடித்தம் போக மீதி திரும்பும். தாண்டினால் இழப்பு கூடும். அந்த நாளுக்குள் டிஎன்இஏ தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். உங்கள் ரேங்கையும் சாதிவாரி ரேங்கையும் எடுத்து, போன ஆண்டு கிண்டியில் அந்தப் பிரிவு எந்த ரேங்கில் மூடியது என்று பாருங்கள். கட்-ஆஃப் மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். கணக்குத் தாள் எளிதாக வந்த ஆண்டில் 200க்கு 199 எடுத்தவர்கள் கூட்டமாக நிற்பார்கள். போன ஆண்டின் 198 இந்த ஆண்டு எங்கேயும் எட்டாது. ரேங்க் அவ்வளவு ஆட்டம் காட்டுவதில்லை.

டிஎன்இஏ-வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ‘ஏற்றுச் சேர்கிறேன்’, ‘ஏற்று மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்’ போன்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். ஓடிபி அப்பாவின் செல்பேசிக்குப் போகும், அவர் வயலிலோ பணியிலோ இருப்பார். விண்ணப்பத்திலேயே உங்கள் கையில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள்.

அசல் சான்றிதழ்கள் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால்?

திருச்சியில் நேரில் சேரும்போது டிசி, மதிப்பெண் பட்டியல் அசல்கள் கேட்கப்படும். பிறகு கிண்டி கிடைத்தால் அவற்றைத் திரும்பப் பெற விண்ணப்பம், கையெழுத்து என்று சில நாட்கள் ஆகும். டிஎன்இஏ-வில் கல்லூரியில் சேர அவகாசம் சில நாட்கள்தான். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள். ஒப்புகைச் சீட்டில் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று வாசித்த பிறகே கிளம்புங்கள். கிண்டி ஒதுக்கீடு வந்த அன்றே, மறுநாள் காலை திருச்சி அலுவலகத்தில் நிற்கும்படி பேருந்து ஏறுங்கள். மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தால் அவகாசம் முடிந்துவிடும்.

பிளேஸ்மென்ட் எங்கே அதிகம்?

‘அதிகபட்ச சம்பளம்’ என்று விளம்பரத்தில் வரும் எண் ஒரே ஒரு மாணவருடையது. அதை விட்டுவிட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: உங்கள் பிரிவில் மட்டும் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு, பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, கணக்கில் மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்தார்களா, சொல்லும் தொகையில் பங்குகளும் ஒருமுறை போனஸும் சேர்ந்திருக்கிறதா. நான்கில் இரண்டுக்கு இறுதியாண்டு மாணவர் ஒருவரே பதில் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் சயின்ஸில் இரண்டு வளாகத்துக்கும் வரும் நிறுவனங்கள் நிறையவே ஒன்றுதான். மெக்கானிக்கல், சிவில் போன்றவற்றில்தான் பிரிவுவாரிக் கணக்கைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

முகப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்தது போதும். வார நாளில் போங்கள். உங்கள் துறை இருக்கும் கட்டடத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையில் கால அட்டவணையைப் படியுங்கள். முதலாண்டு விடுதிக்கு வெளியே நின்று, ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர் எப்படி, சலவை எப்படி என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். இரண்டாமாண்டு மாணவரிடம், ‘போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில், ‘கல்லூரி எப்படி?’ என்ற கேள்விக்குக் கிடைப்பதைவிட உருப்படியாக இருக்கும்.

அப்பா திருச்சி என்கிறார், நான் கிண்டி என்கிறேன்.

இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் முதல் மூன்று காரணங்களை எழுதிப் பிறகு மாற்றிப் படியுங்கள். அப்பாவின் தாளில் பெரும்பாலும் பாதுகாப்பு, செலவு, சொந்தக்காரர் பேச்சு இருக்கும். முதல் இரண்டுக்கும் விடுதி விதிமுறை, கட்டணத் தள்ளுபடிக் கணக்கு என்று எண்ணோடு பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்குப் பதில் கிடையாது, அதை வாதத்தில் இழுக்காதீர்கள். இந்தப் பேச்சை விருப்பப் பட்டியலை லாக் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி இரவு பதினொரு மணிக்குப் பிரவுசிங் சென்டரில் நின்றுகொண்டு மாற்றிய வரிசைகளில்தான் தப்பு அதிகம் நடக்கிறது.